பிரித்தானியாவிலிருந்து காரில் ஐரோப்பா: பிறேக்டவுன் கவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் லண்டன், லெஸ்டர், கொவென்ட்ரித் தமிழ்க் குடும்பங்கள் பல காரை டோவர் பக்கம் திருப்பிவிடும். பாரிஸ் லா ஷப்பேலில் பிள்ளையார் தேர், ஜேர்மனி ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் திருவிழா, சுவிஸில் மச்சாள் வீட்டுக் கலியாணம் என்று போவதற்குக் காரணம் குறைவில்லை. பாதி வழியில் கார் நின்றால் என்ன செய்வது என்ற யோசனை மட்டும் கப்பல் ரிக்கெற் எடுத்த பிறகுதான் வரும். அப்படி நின்ற காருக்கு உதவி அனுப்பும் ஏற்பாடுதான் பிறேக்டவுன் கவர். பிரித்தானியாவில் பதிவான காரில் போகிறவர்களை மனதில் வைத்தே கீழுள்ள பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

என்னிடம் கொம்பிரிஹென்சிவ் (முழுக் காப்பு) கார்க் காப்புறுதி இருக்கிறது. அது போதாதா?

போதாது. மோதல், களவு, தீ ஆகியவற்றுக்குத்தான் கார்க் காப்புறுதி. பிரான்சின் லீல் நகருக்குக் கிட்ட ஓல்ட்டர்னேற்றர் (பற்றரிக்கு மின் ஏற்றும் பாகம்) செத்துப்போனால் அது விபத்து அல்ல, பழுது. பழுதுக்குப் பொறுப்பு பிறேக்டவுன் கவர். பயணக் காப்புறுதியோ ஆக்களுக்கு உரியது: ஆஸ்பத்திரிச் செலவு, தொலைந்த பெட்டி, ரத்தான பயணம். என்எச்எஸ் இலவசமாகத் தரும் ஜிஹிக் அட்டையும் மருத்துவத்துக்கு மட்டும்தான். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

இன்னொரு விஷயம். பிரித்தானியாவில் கொம்பிரிஹென்சிவ் ஆக இருக்கும் பாலிசி, ஐரோப்பாவுக்குள் நுழைந்ததும் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச மூன்றாம் தரப்புக் காப்பாகச் சுருங்கிவிடுவது உண்டு. சில நிறுவனங்கள் முன்கூட்டிச் சொன்னால் முழுக் காப்பையும் நீட்டித் தரும். சில, ஆண்டுக்கு இத்தனை நாள் என்று எல்லை வைத்திருக்கும். புறப்படுமுன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குக் கிறீன் கார்ட் (வெளிநாட்டில் காட்டும் காப்புறுதிச் சான்று) தேவையில்லை; 2021 ஓகஸ்ட் 2 ஆம் திகதியோடு அந்த வில்லங்கம் தீர்ந்தது.

பிரித்தானியாவுக்குள் பிறேக்டவுன் மெம்பர்ஷிப் ஏற்கெனவே வைத்திருக்கிறேன். கலே தாண்டியும் வருவார்களா?

பெரும்பாலும் வரமாட்டார்கள். ஏஏ, ஆர்ஏசி, கிறீன் ஃபிளாக் போன்றவற்றில் ஐரோப்பியக் கவரைத் தனியாகச் சேர்க்கவேண்டும். மெம்பராக இருப்பவருக்குக் கழிவு கிடைக்கலாம். ஆனால் அதே இடத்தில்தான் வாங்கவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

காசு கொடுக்காமலே எனக்கு இது எங்காவது இருக்கக்கூடுமா?

இருக்கலாம், இரண்டு இடங்களில் தேடுங்கள். மாதக் கட்டணம் கட்டும் வங்கிக் கணக்குகள் சிலவற்றோடு ஐரோப்பிய பிறேக்டவுன் கவரும் சேர்ந்தே வரும். பலர் வருடக்கணக்காகக் கட்டணம் கட்டிக்கொண்டே வெளியிலும் ஒன்றை வாங்குகிறார்கள். அடுத்தது கார் நிறுவனம். புதிய காருக்கு வாரண்டி இருக்கும் காலத்தில் ஐரோப்பா முழுவதும் செல்லும் வீதி உதவியும் கூடவே இருப்பது வழக்கம். சில நிறுவனங்கள் தங்கள் டீலரிடம் சேர்விஸ் செய்தால் அதை இன்னொரு வருடம் நீட்டித் தருகின்றன. வெளிக் கராஜில் செய்தால் இல்லை.

கிடைத்ததும் திருப்திப்பட்டுவிடாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். வீதியில் திருத்துவதும் கராஜுக்கு இழுப்பதும் மட்டும்தானா, அல்லது குடும்பத்தையும் காரையும் வீட்டுக்குக் கொண்டுவரும் பகுதியும் உண்டா? இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடி.

பாரிஸ் போய் மறுநாள் திரும்புவதற்கெல்லாம் கவர் வேண்டுமா?

கலேயிலிருந்து பாரிஸ் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். பெரிய தூரம் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் கார் நின்றபிறகு செலவைத் தீர்மானிப்பது தூரம் அல்ல. ஐந்து பேருக்கு இரண்டு இரவு ஹோட்டல், விடுமுறைக் காலத்து வாடகைக் கார், தவறிய கப்பலுக்குப் புது ரிக்கெற், பிறகு ட்ரக்கில் ஏற்றி டோவருக்குக் கொண்டுவரும் கூலி என்று கூட்டிப் பார்த்தால் கணக்கு சில நூறு பவுண்களில் தொடங்கி ஆயிரங்களில் போய் நிற்கும். பற்றரி மாற்றும் காசுக்காக யாரும் கவர் எடுக்கத் தேவையில்லை. பற்றரி அல்லாத ஏதோ ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனால் என்ன ஆகும் என்பதற்காகத்தான் எடுப்பது.

இரண்டு மூன்று வருடக் காருக்கு நிறுவனத்தின் கவர் இருந்தால் அதுவே போதும். ஐந்தாறு வருடம் தாண்டிய காரில், பிள்ளைகளோடு, கவர் இல்லாமல் போவதை நான் சொல்லமாட்டேன்.

ஒரு பயணத்துக்கு எடுப்பதா, ஆண்டு முழுவதற்குமா?

வருடத்தில் இரண்டு முறை போனாலே ஆண்டுக் கவரை விலை கேட்டுப் பார்ப்பது நல்லது. ஹாம் திருவிழா வைகாசி, ஆனி அளவில் வரும். பாரிஸ் தேர் பெரும்பாலும் ஓகஸ்ட் கடைசியில். இரண்டுக்கும் போகிற குடும்பத்துக்கு ஆண்டுக் கவர் பொருந்தும். ஆண்டுக் கவரிலும் ஒரே பயணம் இத்தனை நாளுக்கு மேல் போகக்கூடாது என்று எல்லை இருக்கும். 31 நாள், 90 நாள் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஓய்வுபெற்றவர்கள் மகளோடு நோர்வேயில் கோடை முழுக்க நிற்கப் போனால் அந்த வரியைப் பார்க்காமல் வாங்கவேண்டாம்.

விலை ஒப்பிடும் தளத்தில் மிக மலிவானதை எடுத்தால் என்ன குறை?

மலிவானது கெட்டது என்று இல்லை. ஆனால் அந்தத் தளங்கள் விலையைத்தான் வரிசைப்படுத்துகின்றன. வித்தியாசம் இருப்பதோ எல்லைத் தொகைகளில். பாலிசியைத் திறந்து நான்கு இடங்களைத் தேடிப் பாருங்கள்.

முதலாவது, வீதி உதவிக்கும் இழுவைக்கும் அதிகபட்சம் எவ்வளவு என்பது. உதிரிப்பாகத்தின் விலை ஏறக்குறைய எந்தப் பாலிசியிலும் உங்கள் தலையில்தான். கூலி வீதியில் செய்யும் வேலைக்கு மட்டுமா, கராஜில் செய்வதற்கும் உண்டா என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, கார் கராஜில் நிற்கும்போது உங்களுக்கு என்ன தருகிறார்கள் என்பது. வாடகைக் கார், ரயில், ஹோட்டல் மூன்றில் ஏதாவது ஒன்று மட்டும் என்று சில பாலிசிகள் சொல்லும். ஹோட்டலுக்கு ஆளுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை இருக்கும். ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்கரை ஊரில் அந்தத் தொகைக்கு அறை கிடைக்குமா என்று ஒருமுறை தேடிப் பார்த்தாலே எது வெறும் பேச்சுக்குப் போட்ட தொகை என்று விளங்கிவிடும்.

மூன்றாவது, காரை வீட்டுக்குக் கொண்டுவருவது. இதன் எல்லை பெரும்பாலும் காரின் சந்தை விலை. பழைய கார்களுக்கு இது பெரிய சிக்கல் என்பதால் அடுத்த கேள்வியில் விரிவாக.

நான்காவது, முதலில் யார் காசு கட்டுவது? சில நிறுவனங்கள் தங்கள் ஏஜெண்ட் மூலம் நேராகச் செலுத்தும். சில, நீங்கள் எல்லாவற்றையும் கட்டிவிட்டு ரசீதோடு திரும்பக் கேட்கும் முறை. மலிவுப் பாலிசிகளில் இரண்டாவது வகை அதிகம். கடனட்டையில் ஓரிரண்டாயிரம் பவுண் இடம் இருப்பவருக்கு அது பிரச்சினை இல்லை. சம்பளத் திகதிக்கு முதல் வாரம் பயணம் போகிறவருக்கு அது பெரிய பிரச்சினை.

என் கார் 14 வருடம் பழையது. யாராவது கவர் தருவார்களா?

தருவார்கள், ஆனால் எல்லோரும் அல்ல. பல பாலிசிகளில் கார் வயதுக்கு எல்லை உண்டு. சிலவற்றில் 10 வருடம், சிலவற்றில் 15, சிலவற்றில் எல்லையே இல்லை, விலைதான் ஏறும். வயதைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள். பதிவு எண்ணைத் தட்டினால் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

கவர் கிடைப்பதல்ல சிக்கல். சிக்கல் அந்தச் சந்தை விலை வரி. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். உங்கள் கார் பிரித்தானியாவில் விற்றால் 1,200 பவுண் போகும் என்று வையுங்கள். பெல்ஜியத்தில் லியேஜ் பக்கம் ரைமிங் செயின் அறுந்து, கராஜ்காரர் 2,000 யூரோ கேட்கிறார். ட்ரக்கில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டுவருவதற்கும் ஆயிரத்துக்கு மேல் ஆகும். கவர் நிறுவனம் இரண்டையும் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, ‘திருத்துவது கட்டுபடியாகாது’ என்று எழுதிவிடும். அதற்குப்பின் குடும்பத்தை வீட்டுக்கு அனுப்புவார்கள்; காரை அனுப்பமாட்டார்கள். கார் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் கராஜ்காரர் தரிப்புக் கட்டணம் கேட்பார். அங்கேயே உடைப்புக்குக் கொடுப்பதா, சொந்தக் காசில் கொண்டுவருவதா என்று நீங்கள் இரண்டொரு நாளில் முடிவெடுக்கவேண்டும். உடைப்புக்குக் கொடுத்தால் அதற்கான சான்றிதழை வாங்கி, பிரித்தானிய வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏக்கு அறிவிக்க மறக்கக்கூடாது. இல்லையென்றால் இல்லாத காருக்கு வரி கேட்டுக் கடிதம் வந்துகொண்டிருக்கும்.

ஆகவே பழைய காருக்குக் கவர் எடுக்கும்போது நீங்கள் உண்மையில் வாங்குவது குடும்பத்தின் திரும்பும் வழியை, காரை அல்ல. அப்படி எண்ணிப் பார்த்தால் எந்தப் பாலிசியில் ஆக்களுக்கான தொகை கூடவோ அதுதான் உங்களுக்கு நல்லது. ‘திருப்பிக் கொண்டுவரும் தொகைக்கு எல்லையே இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு ஏமாறவேண்டாம். கீழே சிறிய எழுத்தில் சந்தை விலை இருக்கும். டோவரில் இருந்து நீண்ட பயணம், நான்கைந்து பேர் என்றால் இங்கேயே ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு போவது சில வேளை மலிவு. வாடகை நிறுவனத்திடம் வெளிநாட்டு அனுமதியை எழுத்தில் வாங்கவேண்டும்.

பிரெஞ்சு மோட்டர்வேயில் கார் நின்றால் முதலில் யாரைக் கூப்பிடுவது?

உங்கள் கவர் நிறுவனத்தை அல்ல. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். பிரான்சின் ஓட்டோரூட்களிலும் (மோட்டர்வே) சில விரைவு வீதிகளிலும் அனுமதி பெற்ற இழுவை வண்டிகள் மட்டுமே வரலாம். வீதியோரம் நிற்கும் செம்மஞ்சள் போனில் பேசுங்கள். அது நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும், நீங்கள் நிற்கும் இடமும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். போன் பெட்டி கிட்ட இல்லையென்றால் 112.

வருகிறவர் சின்னப் பழுதை அங்கேயே பார்ப்பார். இல்லையென்றால் மோட்டர்வேயை விட்டு வெளியே இழுத்துப்போவார். கட்டணத்தை அரசு நிர்ணயித்திருக்கிறது, பேரம் பேச இடமில்லை. சாதாரணக் காருக்கு நூறு யூரோவைத் தாண்டும். மாலை 6 மணிக்குப் பிறகும் வார இறுதியிலும் அரசு விடுமுறையிலும் அதற்கு மேல் 50 சதவீதம் கூடும். அந்த இடத்திலேயே கட்டவேண்டி வரலாம். ரசீதை வாங்கிப் படமும் எடுத்துவையுங்கள். நல்ல பாலிசிகள் இதைத் திருப்பித் தரும். மோட்டர்வேக்கு வெளியே வந்ததும் உங்கள் நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணைக் கூப்பிடுங்கள். அங்கிருந்து அவர்கள் பொறுப்பு. வாங்கும் முன் ‘ஓட்டோரூட் இழுவைக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா’ என்று ஒரே வரியில் கேட்டுப் பாருங்கள். விற்பனை ஆள் தடுமாறினால் பாலிசி எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும்.

போன் பேசுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. நம்முடைய காரில் ஓட்டுநர் வலப்பக்கம் இருக்கிறார். பிரான்சில் ஒதுங்கி நிற்கும் இடமும் வலப்பக்கம்தான். அதாவது ஓட்டுநர் பாதுகாப்பான பக்கம் இறங்குவார், இடப்பக்கத்தில் இருக்கும் மனைவியும் பிள்ளைகளும் கதவைத் திறந்தால் நேரே ஓடும் லொறிக்கு முன்னால். எல்லோரும் வலப்பக்கக் கதவால் இறங்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கப்பலிலேயே சொல்லிவையுங்கள். ஒளிரும் மேற்சட்டையை இறங்குமுன் போடவேண்டும். அதனால் அது டிக்கிக்குள் அல்ல, சீற்றுக்குக் கீழ் இருக்கவேண்டும். பிறகு தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைக் காரில் வைத்திருப்பது சட்டம், ஆனால் மோட்டர்வேயில் அதை வைக்கப்போய் உயிரைப் பணயம் வைக்கவேண்டாம்.

ஜேர்மனி, பெல்ஜியம், சுவிஸ் பக்கமும் இதே விதிதானா?

அங்கே பொதுவாக உங்கள் நிறுவனத்தை நேராகக் கூப்பிடலாம். ஜேர்மனியில் மஞ்சள் வண்டியில் வருகிற ஏடிஏசி 1903 இல் தொடங்கிய சங்கம். இரண்டு கோடிக்கு மேல் உறுப்பினர். ஒல்லாந்தில் ஏஎன்டபிள்யூபி, ஒஸ்திரியாவில் ஓஏஎம்டிசி, சுவிஸில் டிசிஎஸ். பிரித்தானிய நிறுவனங்கள் அங்கே சொந்த வண்டி வைத்திருப்பதில்லை. இப்படிப்பட்ட சங்கத்தையோ உள்ளூர்க் கராஜையோ அனுப்புகின்றன. ஆகவே இங்கே நல்ல பெயர் எடுத்த நிறுவனம் அங்கேயும் அதே வேகத்தில் வரும் என்று எண்ணக்கூடாது. யார் வந்தாலும், உங்கள் நிறுவனத்தின் கேஸ் எண்ணைக் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே கையெழுத்துப் போடுங்கள். கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்குச் சாவியைக் கொடுக்கவேண்டாம்.

ஜேர்மன் மோட்டர்வேயான ஓட்டோபானில் எண்ணெய் தீர்ந்து நிற்பது குற்றமாகக் கருதப்படும், அபராதம் உண்டு. போன் பெட்டி எந்தப் பக்கம் கிட்ட என்பதை ஓரத்துக் கம்பங்களில் உள்ள சிறு அம்புக்குறி காட்டும்.

பெற்றோல் காருக்கு டீசல் அடித்துவிட்டால்? ரயர் வெடித்தால்? சாவி தொலைந்தால்?

மூன்றும் பாலிசிக்குப் பாலிசி மாறும். பிழையான எண்ணெய் அடித்ததைச் சில நிறுவனங்கள் ஏற்கும், சில ‘ஓட்டுநர் பிழை’ என்று கழிக்கும், சில இழுத்துப்போவதோடு நிறுத்தும். பிரான்சில் பம்பில் ‘காஸோல்’ என்று எழுதியிருப்பது டீசல்; பெயரைக் கேட்டுப் பெற்றோல் என்று நினைத்து அடித்தவர்கள் உண்டு. 2018 இலிருந்து ஐரோப்பிய பம்புகளில் பொதுக் குறி இருக்கிறது: வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்றால் பெற்றோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். காரின் மூடியிலும் அதே குறி இருக்கலாம்.

ரயர் விஷயத்தில் உங்கள் காரின் டிக்கியை இன்றே திறந்து பாருங்கள். இப்போதைய கார்கள் பலவற்றில் மாற்றுச் சில் கிடையாது. பசையும் காற்றுப் பம்பும்தான். பாவிக்கக்கூடிய மாற்றுச் சில் இல்லாததால் வந்த செலவைச் சில பாலிசிகள் ஏற்காது.

மின்சாரக் கார் என்றால்?

சார்ஜ் தீர்ந்து நிற்பதை ஏற்கிறார்களா, ஏற்றால் அடுத்த சார்ஜ் நிலையம் வரை இழுப்பார்களா என்று கேளுங்கள். சார்ஜ் கேபிள் பழுதாவதும் தொலைவதும் தனி விஷயம். மின்சாரக் காரைப் பொதுவாகச் சில்லில் உருட்டி இழுக்கக்கூடாது, மேலே ஏற்றித்தான் கொண்டுபோகவேண்டும் என்பதையும் போனில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் ஏழு பேர், கூரையில் பெட்டியும் உண்டு. வாடகைக் கார் தந்தால் எல்லோரும் ஏறலாமா?

நம்மவர்களுக்கு மிகவும் பொருந்துகிற கேள்வி இது. பாலிசியில் பயணிகள் எண்ணிக்கை காரின் சீற் எண்ணிக்கை வரை என்று இருக்கும். மடியில் ஒரு பிள்ளை கூடுதலாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஹோட்டலும் இல்லை, சட்டமும் பிழை. மாற்றுக் கார் ஏழு சீற்றுள்ளதாகத்தான் கிடைக்கும் என்று எந்த நிறுவனமும் உறுதி தராது. இரண்டு சின்னக் கார் தந்தால் இரண்டாவதை யார் ஓட்டுவது?

வாடகைக் காருக்கு இன்னும் சில முடிச்சுகள் உள்ளன. ஓட்டுகிறவரின் பெயரிலேயே கடனட்டை கேட்பார்கள். டெபிட் கார்ட்டைப் பல கவுண்டர்கள் ஏற்பதில்லை. 25 வயதுக்குக் குறைந்த ஓட்டுநருக்குக் கூடுதல் கட்டணம், சில இடங்களில் கார் தரவேமாட்டார்கள். அங்கே எடுக்கும் கார் இடப்பக்க ஸ்டியரிங். அதைப் பெரும்பாலும் பிரித்தானியாவுக்குள் கொண்டுவர விடுவதில்லை. கலேயில் விட்டுவிட்டு, பெட்டி படுக்கையோடு கார் இல்லாத பயணியாகக் கப்பல் ஏறி, டோவரில் இன்னொரு கார் எடுக்கவேண்டும். அந்த இரண்டாவது காரும் பாலிசிக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

வான் வைத்திருப்பவர்கள் எடை 3.5 டன்னுக்குள் இருக்கிறதா என்றும் நீளம், உயர எல்லைகளையும் பார்க்கவேண்டும். சாமான் ஏற்றும் தொழிலுக்குப் பாவிக்கும் வானைச் சாதாரணக் குடும்பப் பாலிசி ஏற்காது.

இலங்கைக் கடவுச்சீட்டில் ஷெங்கன் விசாவோடு வருகிற அம்மா அப்பாவும் காரில் இருக்கிறார்கள். கவனிக்க ஏதாவது உண்டா?

உண்டு. விசாவில் திரும்பும் நாளையே கடைசி நாளாக வைத்து எடுத்திருந்தால், கார் இரண்டு நாள் கராஜில் நின்றாலே விசா முடிந்துவிடும். விண்ணப்பிக்கும்போதே சில நாள் கூடுதலாகக் கேட்பது நல்லது. தவிர்க்கமுடியாத காரணத்துக்கு உள்ளூர் அதிகாரிகளிடம் நீட்டிப்புக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதை விசா முடியுமுன் கேட்கவேண்டும், கராஜ் கடிதமும் இழுவை ரசீதும் அதற்கு ஆதாரம். விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்புறுதி மருத்துவத்துக்கானது. அதைக் காட்டிக் கார் இழுக்கச் சொல்லமுடியாது.

பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரருக்கு 180 நாளில் 90 நாள் என்ற விதி. வார இறுதிப் பயணத்துக்கு அது தொல்லை தராது.

தம்பியின் காரை எடுத்துப் போகலாமா? லீஸ் கார் என்றால்?

கவர் காருக்கா, ஆளுக்கா என்று முதலில் பாருங்கள். காருக்கு என்றால் பதிவு எண் பொருந்தவேண்டும். காரின் பதிவுப் பத்திரமான வி5சியின் அசலைக் கொண்டுபோங்கள். அது தம்பியின் பெயரில் இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதமும் வேண்டும். லீஸ் காருக்கு வி5சி உங்களிடம் இருக்காது, அதற்குப் பதிலாக விஇ103 சான்றிதழை லீஸ் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். இந்தத் தாள் இல்லாமல் இழுபட்டுப்போன காரைக் கராஜிலிருந்து எடுப்பது பெரும் அலைச்சல்.

எப்போது வாங்கவேண்டும்?

கப்பல் ரிக்கெற் எடுக்கும் நாளிலேயே. பல பயணப் பாலிசிகளில், புறப்படுமுன் கடைசி சில நாளில் கார் பழுதாகித் திருத்த நேரமில்லாமல் போனால் வாடகைக் கார் தரும் ஒரு பகுதி உண்டு. முதல் நாள் இரவு வாங்குகிறவருக்கு அது கிடைக்காது. வாங்கி 24 மணி நேரத்துக்குள் கூப்பிட்டால் ஏற்காத பாலிசிகளும் உள்ளன. டாஷ்போட்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே போன காருக்கு ‘முன்பே தெரிந்த பழுது’ என்று கைவிரிப்பார்கள். சேர்விஸ் ரசீது, எம்ஓடி (காரின் வருடாந்தப் பரிசோதனை) இரண்டும் நடப்பில் இருக்கவேண்டும். திரும்பும் நாளுக்கு முன் எம்ஓடி முடிந்தால் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

ஒரு மாதத்துக்குக் குறைந்த பாலிசிகளுக்கு 14 நாளுக்குள் ரத்துச் செய்யும் சட்ட உரிமை பொதுவாக இல்லை. படித்துவிட்டே வாங்குங்கள்.

ஓகஸ்டில் போனால் வித்தியாசம் உண்டா?

நிறைய. பிரான்சில் ஓகஸ்ட் மாதம் பல கராஜ்கள் கதவைப் பூட்டிவிட்டு விடுமுறையில் போய்விடும். 15 ஆம் திகதி அரசு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஜேர்மனியிலும் கராஜ்கள் பெரும்பாலும் திறந்திருக்காது. உதிரிப்பாகம் வர நான்கு நாள் என்று சொல்வார்கள், உங்கள் விடுமுறையோ நாளை முடிகிறது. பாலிசியில் ‘எத்தனை நேரத்துக்குள் திருத்தமுடியாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுவருவோம்’ என்ற வரி இங்கேதான் உதவும். சிலவற்றில் அது திரும்பும் திகதியோடு கட்டப்பட்டிருக்கும், சிலவற்றில் மணி நேரக் கணக்கு. கார் பிறகு திருந்தினால் அதை எடுத்துவர ஒருவருக்கு ரயில் ரிக்கெற் தருகிறார்களா என்றும் கேளுங்கள்.

காரில் கட்டாயம் என்னென்ன இருக்கவேண்டும்?

பிரான்சில் ஒளிரும் மேற்சட்டையும் முக்கோணமும். ஜேர்மனிக்குப் போனால் முதலுதவிப் பெட்டியும் வைத்திருப்பது நல்லது. எண் பலகையில் யூகே குறி இல்லையென்றால் ஒட்டு ஒன்று. பழைய ஜிபி ஒட்டு 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது. எதிரே வருபவரின் கண் கூசாமல் முன்விளக்குக்கு ஒட்டும் பட்டி. சுவிஸ் மோட்டர்வேக்கு 40 பிராங் வின்யெட் (வீதிக் கட்டண ஒட்டு). ஸ்பெயினில் 2026 ஜனவரி 1 முதல் முக்கோணத்துக்குப் பதிலாக வி16 ஒளிவிளக்குக் கட்டாயம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஸ்பெயினில் பதிவான கார்களுக்கு.

கிளெயிமை மறுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஒம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். அது இலவசம். இறுதிப் பதில் வந்த திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். கையில் இருக்கவேண்டியவை இழுவை ரசீது, கராஜ் அறிக்கை, நீங்கள் எத்தனை மணிக்கு யாருடன் பேசினீர்கள் என்ற குறிப்பு. நிறுவனத்திடம் கேட்காமல் நீங்களாகவே கராஜ் பிடித்துத் திருத்திய செலவுக்குத்தான் மறுப்பு அதிகம் வருகிறது; ஆகவே அவசரம் எதுவானாலும், பிரெஞ்சு மோட்டர்வே இழுவையைத் தவிர, அனுமதி வாங்கிய பிறகே செலவு செய்யுங்கள்.